எங்கப்பன் குதிருக்குள் இல்லை!

பாபநாசத்துக்கு வருகிறவர்கள் 108 சிவாலயத்தில் லிங்கங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தரிசித்துவிட்டு, ஒரு வாய் காப்பியும் குடித்துவிட்டு, கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிவிடுவது வழக்கம். திருப்பாலைத்துறைக் கோயில் வரையில் நடக்கிறவர்கள் குறைவுதான். நடந்தால் அங்கே ஒரு பழைய நெற்களஞ்சியத்தைப் பார்க்கலாம். நாயக்க மன்னர்கள் காலத்துச் செங்கல் கட்டடம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்கிறார்கள்.

லீவுக்கு வந்திருந்த என் தங்கையின் பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். பட்டணத்தில் வளர்ந்த பெண். அரிசி என்பது பையிலேயே விளைகிற சாமான் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தவள். களஞ்சியத்தை ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு வந்து, "பாட்டி! கதவைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு நெல் இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே அந்தக் கடன்பட்டவன் கதைதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் தெரிந்த கதை. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். வாங்கியவன் குதிருக்குள் போய் ஒளிந்துகொண்டு, "அப்பா ஊரில் இல்லை என்று சொல்லடா" என்று பிள்ளையை அனுப்புகிறான். பிள்ளை வாசலுக்குப் போய், "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்கிறான். குதிரைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது!

நேயர்களே, ஆகாயத்திலும் அப்படி ஒரு குதிர் இருக்கிறது. அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிற ஆசாமியை இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. காட்டிக் கொடுக்கிற பிள்ளை ஒருவன் உண்டு. அவன் பெயர் வெளிச்சம். அவன் உளறுவதைக் கேட்டு, குதிருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு எழுதுகிறவர்களில் முன்வரிசையில் நிற்பவர் கோயம்புத்தூரில் பிறந்த ஒரு பெண்மணி. இந்த வாரம் அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் குதிர் எது என்று தெரிய வேண்டும். நம் சூரியன் ஒரு நட்சத்திரம். சூரியனைப்போல் 10,000 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம்தான் பால்வீதி. இப்படிப்பட்ட குடும்பத்தை நட்சத்திர மண்டலம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மண்டலங்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதும் உண்டு. அதற்கு மண்டலக் கொத்து என்று பெயர். ஜார்ஜ் ஏபெல் என்ற அமெரிக்கர் இந்தக் கொத்துக்களுக்கு 1958-ல் ஒரு பெரிய ஜாப்தா போட்டார். அதனால்தான் பல கொத்துக்களுக்கு 'ஏபெல் 370', 'ஏபெல் 2744' என்று வீட்டு நம்பர் மாதிரிப் பெயர் இருக்கிறது.

இந்தக் கொத்துக்களில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. ஸ்விட்சர்லாந்துக் குடும்பத்தவர், கலிபோர்னியாவில் வேலை பார்த்தவர். 1933-ல் அவர் கோமா என்ற கொத்தில் மண்டலங்கள் ஓடுகிற வேகத்தை அளந்து பார்த்தார். திருவிழாவில் ரங்கராட்டினம் சுற்றுகிறதே, சங்கிலி நூல் போல் மெலிந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை என்ன ஆகும்? பிய்த்துக்கொண்டு போய் விழும் அல்லவா? கோமாக் கொத்தில் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் ஈர்ப்பு மட்டுமே சங்கிலியாக இருந்தால், அந்த மண்டலங்கள் என்றைக்கோ நாலா பக்கமும் சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நிறையக் கிடந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அதைத்தான் இன்று இருட்பொருள் என்கிறோம். ஸ்விக்கி கொஞ்சம் முன்கோபக்காரர். அவர் பேச்சை அந்தக் காலத்தில் அதிகம் பேர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, வெளிச்சம் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

கனமான பொருளின் பக்கத்தில் போகிற வெளிச்சம் வளைந்துதான் போகும் என்பது ஐன்ஸ்டைனின் சித்தாந்தம். 1919 மே 29-ல் ஒரு முழுச் சூரிய கிரகணம் வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே பிரின்சிபி என்ற தீவில் எடிங்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரும், பிரேசிலில் சோப்ரால் என்ற ஊரில் இன்னொரு கோஷ்டியும், மறைந்த சூரியனுக்கு அருகே தெரிந்த நட்சத்திரங்களைப் படம் பிடித்தார்கள். நட்சத்திரங்கள் தத்தம் இடத்திலிருந்து ஒரு இம்மி நகர்ந்திருப்பதுபோல் தெரிந்தன. ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு 1.75 விகலை. அது எவ்வளவு என்கிறீர்களா? பௌர்ணமிச் சந்திரனின் குறுக்களவே சுமார் 1,800 விகலை. அதை ஆயிரம் கூறாக்கி ஒரு கூறை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். இந்த எடிங்டனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வேஷத்தில் வருவார்.

வெளிச்சத்தை வளைக்கிற எதுவும் லென்ஸ் மாதிரிதானே? அப்படியானால் ஒரு நட்சத்திரம் தனக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு நட்சத்திரத்தைப் பூதக்கண்ணாடிபோல் பெரிதாக்கிக் காட்டாதா? இந்தக் கேள்வியை ஐன்ஸ்டைனிடமே நேரில் போய்க் கேட்டவர் ஒரு பேராசிரியர் அல்ல. ருடி மாண்டில் என்ற செக் நாட்டு எஞ்சினியர். பொழுதுபோக்காக விஞ்ஞானம் படித்தவர். அவர் விடாமல் நச்சரித்ததால் ஐன்ஸ்டைன் 1936-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அப்படி நடக்கும், ஆனால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று அதிலேயே கையையும் கழுவிவிட்டார். மறு வருஷமே ஸ்விக்கி, "ஒற்றை நட்சத்திரத்தை விட்டுத் தள்ளுங்கள், மண்டலம் முழுவதும் லென்ஸாக வேலை செய்தால் பார்க்க முடியுமே!" என்ற கருத்தில் எழுதினார். ஐன்ஸ்டைனைவிட இந்த ஒரு விஷயத்தில் ஸ்விக்கி கெட்டிக்காரர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கொத்துக்களில் அதைப் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1987-ல் பிரான்ஸ் தேசத்தில் தூலூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜெனவியேவ் சூக்காய் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும், ஹவாய்த் தீவு மலையுச்சி டெலிஸ்கோப்பில் ஏபெல் 370 கொத்தைப் படம் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதன் நடுவே நீலமாக ஒரு வில் தெரிந்தது. வானவில்லின் துண்டுபோல் மெல்லிய, நீண்ட வளைவு. அமெரிக்காவில் லிண்ட்ஸ், பெட்ரோசியன் என்ற இருவரும் அதே சமயத்தில் இப்படிப்பட்ட வில்களைப் பார்த்திருந்தார்கள். இது என்ன, கொத்துக்குள்ளேயே கிடக்கிற ஏதாவது வஸ்துவா, அல்லது பிலிமில் வந்த கோளாறா? அடுத்த வருஷம் அந்த வில்லின் ஒளியைப் பிரித்துப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டபோது சந்தேகம் தீர்ந்தது. வில் கொத்துக்குள் இல்லை. கொத்துக்கு வெகு தூரம் பின்னால் இருந்த ஒரு நட்சத்திர மண்டலம். கொத்தின் ஈர்ப்பு அதன் வெளிச்சத்தை வளைத்து, இழுத்து, வில்லாக நீட்டிவிட்டது!

நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. அடி கனமாய், நடுவில் சற்று மேடாய் உள்ள கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோலம் போடும்போது ஒரே ஒரு புள்ளி வைத்து, கிளாஸின் அடிப்பாகம் வழியாக அதைப் பாருங்கள். கிளாஸை மெதுவாக நகர்த்துங்கள். புள்ளி ஒரு பக்கமாக இருக்கும்போது வளைந்து கோடாகும். சில சமயம் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டாகத் தெரியும். சரியாக நடுவுக்கு வந்தால் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். புள்ளி என்னவோ ஒன்றுதான். வானத்திலும் வில், இரட்டை, வளையம் என்று இத்தனை வேஷமும் உண்டு. ஒரு வித்தியாசம்: கண்ணாடி சிவப்பை ஒரு மாதிரியும் நீலத்தை வேறு மாதிரியும் வளைக்கும். ஈர்ப்புக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. எல்லா நிறத்தையும் ஒரே அளவுதான் வளைக்கும். அதனால் கொத்தின் இரண்டு பக்கத்தில் இரண்டு பிம்பம் தெரிந்தால், நிறத்தையும் ஒளியின் கூறுகளையும் ஒப்பிட்டு, "இவை இரண்டும் ஒரே மண்டலம்தான்" என்று அடையாளம் கண்டுவிடலாம்.

கிளாஸ் எவ்வளவு கனமோ அவ்வளவு வளைவு. ஆகவே வளைவைப் பார்த்துக் கனத்தைச் சொல்லிவிடலாம். இதுதான் சூட்சுமம். கொத்துக்களை இப்படி எடை போட்டுப் பார்த்தால், மொத்த எடையில் நட்சத்திரங்கள் நூற்றில் சில பங்குதான். மண்டலங்களுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் கொதிக்கிற வாயு நூற்றில் 10, 15 பங்கு தேறும். மிச்சம் 80, 85 பங்கும் இருட்பொருள். ஸ்விக்கி சொன்னது வீண்போகவில்லை.

எல்லாக் கொத்துக்களிலும் பெரிய வில்கள் இருப்பதில்லை. ஓரங்களில் வளைவு மிகக் கொஞ்சம். பின்னால் உள்ள மண்டலம் இயற்கையாகவே நீளமா, அல்லது ஈர்ப்பால் நீண்டதா என்று ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. ஐப்பசியில் எங்கள் பக்கத்து வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நெற்பயிர் சாய்ந்திருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆடு மிதித்திருக்கலாம், நண்டு வெட்டியிருக்கலாம். ஆனால் வயல் முழுவதும் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால், காற்று எங்கேயிருந்து அடிக்கிறது என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடலாம். அதேபோல் ஆயிரக்கணக்கான மண்டலங்களின் சாய்வைச் சேர்த்துப் பார்த்து, இருட்பொருள் எங்கே அடர்த்தி, எங்கே சன்னம் என்று படமே வரைந்துவிடுகிறார்கள்.

அப்படிப் படம் வரைவதில் பேர்போனவர்தான் நான் முதலில் சொன்ன பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பௌதிகமும் கணிதமும் படித்து, பிறகு கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரீஸிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே டிரினிட்டி கல்லூரியில் ஃபெல்லோ பதவியும் கிடைத்தது. வானியல் பௌதிகத்தில் அந்தப் பதவி பெற்ற முதல் பெண் அவர். இந்த டிரினிட்டி கல்லூரி நமக்கு அந்நியமல்ல. எங்கள் அடுத்த ஊரான கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் 1918-லும், சந்திரசேகர் 1933-லும் ஃபெல்லோ ஆன கல்லூரிதான். இப்போது பிரியம்வதா யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2024-ல் 'டைம்' பத்திரிகை செல்வாக்குள்ள 100 பேர் என்று ஒரு பட்டியல் வெளியிட்டபோது அதில் இவர் பெயரும் இருந்தது.

பெரிய குதிருக்குள் சின்னச் சின்னக் குதிர்கள் இருக்கின்றன என்பது இவருடைய ஆராய்ச்சி. கொத்து முழுவதும் ஒரே லென்ஸ் அல்ல. அதிலுள்ள ஒவ்வொரு மண்டலமும் தன்னைச் சுற்றித் தனியாக ஒரு மூட்டை இருட்பொருளை வைத்துக்கொண்டு குட்டி லென்ஸாக வேலை செய்கிறது. பெரிய வளைவுக்குள் இருக்கும் இந்தச் சின்ன நெளிவுகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாக எடை போடுவது எப்படி என்று 1990களிலேயே வழி சொன்னவர்களில் இவர் ஒருவர்.

இங்கேதான் கணக்கு உதைத்தது. 2020-ல் இத்தாலியைச் சேர்ந்த மாசிமோ மெனெகெத்தியும் பிரியம்வதாவும் மற்றவர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹப்பிள் டெலிஸ்கோப்பும், சிலி நாட்டிலுள்ள பெரிய டெலிஸ்கோப்பும் எடுத்த படங்களைக் கொண்டு பல கொத்துக்களை அலசினார்கள். பக்கத்திலே, இருட்பொருள் சித்தாந்தப்படி கம்ப்யூட்டரில் அதேமாதிரிக் கொத்துக்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர்க் கொத்தில் குட்டி லென்ஸ்கள் வளைக்கவேண்டிய அளவைவிட, நிஜக் கொத்தில் ஏறக்குறைய 10 மடங்கு அதிகமாக வளைத்தன! மளிகைக் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தாலே நமக்கு ராத்தூக்கம் போய்விடுகிறது. இங்கே 10 மடங்கு. கம்ப்யூட்டரில் ஏதாவது விட்டுப்போயிற்றா, அல்லது இருட்பொருளைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதே தப்பா? வாழ்நாளில் பாதியை அந்தச் சித்தாந்தத்தோடு கழித்த ஒருவர், அதில் ஓட்டை இருக்கலாம் என்று தாமே கையெழுத்துப் போட்டு வெளியிடுவது லேசான காரியமல்ல. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

"இதெல்லாம் கண்ணால் காணாத சரக்கைப் பற்றிய கணக்கு. சரி என்று எப்படி நம்புவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பரீட்சை நடந்தது. அதைச் சொல்வதற்கு முன், கல்லணைக்கு ஒரு நடை போய்வருவோம்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது. ஒரே நாளில் திறந்த தண்ணீர்தான். ஆனால் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் வந்துவிடுகிறதா? நேர் வாய்க்காலில் வந்தது முன்னால் பாயும். சுற்றிக்கொண்டு, பள்ளங்களை நிரப்பிக்கொண்டு வருவது பின்னால் வரும். வாய்க்காலின் போக்கு தெரிந்த பெரியவர், "இன்று அங்கே வந்துவிட்டதா? அப்படியானால் நமக்கு வியாழக்கிழமை" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்.

கொத்தைச் சுற்றி வருகிற வெளிச்சமும் அப்படித்தான். ஒரு பக்கத்துப் பாதை குறுக்கு. ஒரு பக்கத்துப் பாதை சுற்று. அதோடு ஈர்ப்பு அதிகமான இடத்தில் வெளிச்சம் தாமதப்படுகிறது. ஆகவே பின்னால் ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்தால், அதன் பல பிம்பங்களும் ஒரே நாளில் பிரகாசிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக வரும். நார்வே தேசத்து சியூர் ரெஃப்ஸ்டால் இதை 1964-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

2014 நவம்பரில் பேட்ரிக் கெல்லி என்ற இளம் விஞ்ஞானி, மாக்ஸ் ஜே1149 என்ற கொத்தின் ஹப்பிள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மண்டலத்தைச் சுற்றி நான்கு புதுப் புள்ளிகள் சிலுவைபோல் நிற்பதைக் கண்டார். ஒரே நட்சத்திரத்தின் வெடிப்பு, நான்கு பிம்பமாக! அதற்கு ரெஃப்ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். உடனே கொத்தின் எடைப் படம் வைத்திருந்த பல கோஷ்டிகளும் கணக்குப் போட உட்கார்ந்தன. கொத்தில் அந்த வெளிச்சம் வரக்கூடிய வேறு பாதைகளும் உண்டு. ஒன்றில் 1990களிலேயே வந்து போயிருக்கும். அப்போது யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இன்னொன்றில் இனிமேல்தான் வரவேண்டும். எப்போது? 2015 முடிவிலோ 2016-லோ என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டார்கள். எந்த இடத்தில் என்றும் குறித்தார்கள். தேதி தப்பினால் எல்லார் முன்னிலையிலும் மானம் போகும்.

கொத்து சிறிது காலம் சூரியனுக்குப் பின்னால் போயிருந்தது. 2015 அக்டோபர்க் கடைசியிலிருந்து ஹப்பிள் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை. நவம்பர் போயிற்று. டிசம்பர் 11-ந் தேதி எடுத்த படத்தில், குறித்த இடத்தில், புள்ளி வந்து உட்கார்ந்திருந்தது!

செத்துப்போன நட்சத்திரம், சொன்னபடி வந்து மறுபடியும் ஒரு தரம் செத்துக் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் தெரிந்த பிம்பத்துக்கும் இதற்கும் இடைவெளி 376 நாள் என்று பிற்பாடு நுணுக்கமாக அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். கணக்கில் இருந்த இருட்பொருளைக் கழித்துவிட்டு, வெறும் நட்சத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது இந்தத் தேதியைச் சொல்லியிருந்தால் பலிக்குமா? பலிக்காது. இருட்பொருள் இருக்கிறது என்று எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது இந்தச் சம்பவத்தால்தான். மீதிப் பாதியை அந்த 10 மடங்கு உதைக்கிற கணக்கு தீரும் வரையில் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, எடிங்டன் மறுபடி வருகிறார்.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் முன்னோர் எங்கள் தஞ்சைச் சீமை விவசாயக் குடும்பத்தினர். சர் சி. வி. ராமன் அவருக்குச் சிற்றப்பா. சந்திரசேகர் பிறந்தது லாகூரில், 1910-ல். படித்தது சென்னை பிரெசிடென்சி கல்லூரியில். அவருடைய தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிள்ளை 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறு வருஷம் தாயார் இங்கே காலமானார். கப்பலில் பொழுது போகாமல் போட்ட கணக்கில்தான் சந்திரசேகருக்கு அந்த விஷயம் தட்டுப்பட்டது: எரிந்து தீர்ந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால், அது அமைதியாகச் சுருங்கி நிற்க முடியாது, இடிந்து உள்ளே விழுந்துகொண்டே போகும். 1935 ஜனவரியில் லண்டன் வானசாஸ்திர சபையில் அவர் இதை எடுத்துச் சொன்னார். அடுத்தபடியாக எழுந்து பேசியவர் எடிங்டன். 16 வருஷத்துக்கு முன் வெளிச்சம் வளைவதை உலகத்துக்குக் காட்டிய அதே மனிதர், ஒரு நட்சத்திரம் அவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை இடம் தராது என்ற பாவனையில் பேசி, 24 வயதுப் பையனைச் சபையில் நகைப்புக்கு இடமாக்கிவிட்டார். சந்திரசேகர் சண்டை போடவில்லை. அமெரிக்கா சென்று வேறு துறைகளில் வேலை பார்த்தார். நோபல் பரிசு 1983-ல் வந்தது.

அவர் 1995-ல் காலமான பிறகு, எக்ஸ்ரே கதிர்களைப் பார்க்கிற ஒரு டெலிஸ்கோப்புக்கு அவருடைய பெயரைச் சுருக்கி 'சந்திரா' என்று வைத்தார்கள். 1999 ஜூலையில் அதை ஆகாயத்தில் கொண்டுபோய் விட்ட விண்கப்பலுக்குத் தலைமை வகித்தவர் ஐலீன் காலின்ஸ். அந்தப் பதவியை வகித்த முதல் பெண்மணி!

ஏபெல் 2744 என்றொரு கொத்து 350 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சந்திரா அதை இரண்டு வாரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் டெலிஸ்கோப்பும் அதே இடத்தைப் பார்த்தது. கொத்துக்குப் பின்னால், 1,320 கோடி வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சத்தில், ஒரு குட்டி மண்டலம் தெரிந்தது. அதிலிருந்து மெல்லிய எக்ஸ்ரே. கொத்து என்ற லென்ஸ் அந்த ஒளியைச் சுமார் 4 மடங்கு பெருக்கிக் கொடுத்ததால்தான் சந்திராவின் கண்ணில் அது பட்டது. 2023 நவம்பரில் செய்தி வெளியாயிற்று: அது ஒரு கருந்துளை. சந்திரசேகரின் கணக்கு நட்சத்திரங்களுக்குச் சொன்னதே, உள்ளே விழுந்துகொண்டே போகிற அந்த வஸ்துவேதான். ஆனால் எடை ஒரு கோடி சூரியனிலிருந்து 10 கோடி சூரியன் வரை! பிரபஞ்சத்துக்கு அப்போது வயசு 47 கோடி வருஷம்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு மீசை முளைத்த கதை.

அவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிதாக எப்படி வளர்ந்தது? நட்சத்திரம் பிறந்து, எரிந்து, இடிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொழுப்பதற்கு அவகாசமே இல்லையே! ஆதியில் சில வாயு மேகங்கள் நட்சத்திரமாகாமல் நேரே இடிந்து விழுந்து, பிறக்கும்போதே பெருத்த கருந்துளையாகியிருக்கலாம் என்று பிரியம்வதா நெடுநாளாகச் சொல்லிவந்தார். அப்படிப் பிறந்திருந்தால், கருந்துளையின் எடை அதைச் சுற்றியுள்ள நட்சத்திரங்கள் எல்லாவற்றின் எடைக்கும் சமமாக இருக்கும், அதுவே அடையாளம் என்று 2017-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதியிருந்தார்கள். இங்கே பார்த்தால் எடை அப்படித்தான் இருக்கிறது. எடிங்டன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவர் காட்டிய வளைவே, அவர் மறுத்த கருந்துளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதுவும் அவர் சிரித்து அனுப்பிய பையனின் பெயர் தாங்கிய கண்ணாடியில்.

இதையெல்லாம் என் தங்கையின் பேத்திக்குச் சொல்லி முடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று. கடைசி ராத்திரி, "அந்தக் கொத்தை எனக்குக் காட்டு" என்று பிடிவாதம் பிடித்தாள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்றால் விடுகிறாளா? நீங்களும் உங்கள் வீட்டில் இந்தத் தொல்லைக்கு ஆளாவீர்கள் என்பதால் வழி சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதத்தில், மழை விட்ட ஒரு நாள், இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடியில் தெற்கே பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில், சற்று மேற்கே சாய்ந்து, தன்னந்தனியாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருக்கும். ஃபோமல்ஹாட் என்று பெயர். கையை நன்றாக நீட்டிச் சாண் விரித்து, கட்டைவிரலை அந்த நட்சத்திரத்தின் மேல் வைத்து, சுண்டுவிரலை இடது பக்கம் கிழக்காக நீட்டுங்கள். சுண்டுவிரல் நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஒன்றுமே இல்லாததுபோல் இருட்டாக ஓர் இடம். அங்கேதான் ஏபெல் 2744.

"ஒண்ணுமே இல்லையே, பாட்டி!" என்றாள்.

"ஆமாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்றேன்.